பத்தொன்பது வெற்று வரிகள்

எங்கள் நாட்டின் அரசியல் சாசனத்தில் ஜாதி என்ற சொல் கிடையாது. முகவுரையின் இரண்டாவது வாக்கியத்திலேயே அதை ஒழித்துவிட்டோம். அறுபத்தொரு உறுப்பினர்களும் எழுந்து நின்று கைதட்டி அந்த வாக்கியத்தை நிறைவேற்றினார்கள். பதிவு மேசையில் இருந்த நானும் கைதட்டினேன். அதற்கு ஆறு வாரம் கழித்து நாற்பத்தொன்றாம் பிரிவு வந்தது.

"உயிர்நாடிப் பணிகளில் இருப்போர், மாற்றாள் கிடைக்கும்வரை பணியை நிறுத்தவோ அதை விட்டு விலகவோ இயலாது. மாற்றாள் முதலில் அதே குடும்பத்திலிருந்து தேடப்படும்."

பிரிவு இவ்வளவுதான். உயிர்நாடிப் பணிகள் எவையென்று பின்னிணைப்பைப் புரட்டினால் அங்கே ஒரே ஒரு பணி இருந்தது, ஊர்க் கழிவெல்லாம் சேரும் கசடுத் தொட்டிக்குள் இறங்கிச் சுத்தம் செய்வது. என்ன அழகான தமிழ். வாசிக்கிறவர்களுக்கு யாரையோ பாராட்டுவது போலத்தான் இருக்கும்.

செவ்வாயின் மண்ணுக்கு அடியில் நாலு அடுக்குக் குகையில் பதினோராயிரம் பேர் வாழும் ஊர் புதுக்கரை. எங்கள் அப்பா அம்மா காலத்திலிருந்து இது சுரங்கக் கம்பெனியின் கூலி முகாம். சுரங்கம் வற்றியதும் கம்பெனி கணக்கை மூடிவிட்டுப் பூமிக்குப் போய்விட்டது, ஆட்களை விட்டுவிட்டது. சரி, இனி இது நாடு என்று நாங்களே சொல்லிக்கொண்டோம். நாடென்றால் சாசனம் வேண்டும், சாசனத்துக்கு ஒரு சபை வேண்டும், சபைக்குப் பதிவாளர் வேண்டும். கம்பெனி அலுவலகத்தில் இருபத்திரண்டு வருஷம் குப்பை கொட்டிய கமலவேணியாகிய நான் அந்த மேசையில் போய் உட்கார்ந்தேன்.

எங்கள் சபைக்கு ஒரு வசதி இருந்தது. பூமியில் சாசனம் எழுதியவர்கள் யாருக்கும் அது வாய்த்ததில்லை. ஒவ்வொரு பிரிவையும் நிறைவேற்றுவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்துவிடலாம். கம்பெனி விட்டுப்போன பெரிய கணிப்பொறியில் பதினோராயிரம் பேருக்கும் ஒவ்வொரு நிழல் இருக்கிறது. நம் பணிப்பதிவு, பேச்சு, சண்டை, விடுப்புக் கடிதம் எல்லாவற்றையும் தின்று வளர்ந்த நிழல். புதுப் பிரிவைக் கொடுத்தால் நிழல்கள் அதன்படி நாற்பது வருஷம் வாழ்ந்து காட்டும். அப்படி நானூறு முறை ஓட்டுவார்கள். அந்த ஓட்டங்களின் முடிவை ஒரே ஒரு பக்கத்தில் சுருக்கி உறுப்பினர்களுக்குக் கொடுப்பது என் வேலை.

நாற்பத்தொன்றுக்கான பக்கத்தையும் நான்தான் எழுதினேன். "தொட்டிப் பணியாளருக்கு வேலைநிறுத்த உரிமை இருந்தால், நானூற்றில் முந்நூற்று அறுபத்து மூன்று ஓட்டங்களில் ஊர் அழிகிறது. காரணம்: வேலைநிறுத்தம்." எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன்.

வாக்கெடுப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது சவரியம்மாள் என் அறைக்கு வந்தாள். அறுபத்தொரு பேரில் தொட்டிக்காரர்களுக்காக இருந்த ஒரே உறுப்பினர் அவள்தான். வயது முப்பத்தெட்டு, தொட்டிக்குள் இறங்க ஆரம்பித்து இருபத்து நாலு வருஷம். கீழடுக்கில் வாழ்பவர்களின் அப்பா அம்மா எல்லாம் தூத்துக்குடிப் பக்கத்து ஆட்கள், அந்தப் பேச்சு இன்னும் அப்படியே இருக்கிறது. அவளோடு ஜெனிட்டாவும் வந்திருந்தாள். வருகிற மாதம் அந்தப் பெண்ணுக்குப் பதினாலு முடிகிறது. பதினாலு முடிந்தால் அவள் அம்மாவின் மாற்றாள்.

சவரியம்மாள் என் பக்கத்தை மேசைமேல் விரித்து வைத்தாள்.

"யக்கா, இதுல நாங்க வேலைய நிறுத்துனதா எழுதியிருக்கிய. ஊரு அழிஞ்சதாவும் எழுதியிருக்கிய. எதுக்கு நிறுத்துனோம்னு எழுதலியே."

"அது சுருக்கம்மா. ஒரு பக்கத்துக்குள்ள எழுதணும்."

"சரி, எழுதாண்டாம். வாயால சொல்லுங்க. நாங்க எதுக்கு நிறுத்துனோம்?"

எனக்குத் தெரியவில்லை. முழுப் பதிவை நான் வாசித்திருக்கவில்லை. முடிவையும் அதற்கு எதிரே இயந்திரம் போட்டிருந்த காரணத்தையும் மட்டும் பார்த்து எழுதியிருந்தேன். அதை அவளிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

"எங்க நிழலு சும்மா நிறுத்தாதுக்கா," என்றாள் அவள். "என்னைப் பாத்து செஞ்சதுன்னா நிறுத்தாது. இருபத்து நாலு வருசத்துல நான் ஒருநாள் நிறுத்தல. எனக்கு என்னமோ ஆயிருக்கணும். அது என்னன்னு பாருங்க."

ஜெனிட்டா சுவரில் மாட்டியிருந்த, ஊருக்குப் பயிர் வளர்க்கும் விதைக்கூடத்து வரைபடத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். விதைக்கூடப் பள்ளியில் கீழடுக்குப் பிள்ளைகளைச் சேர்ப்பதில்லை. தடை என்று எங்கேயும் எழுதியிருக்காது, கம்பெனிக் காலத்திலிருந்து அப்படித்தான். கீழடுக்குப் பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே தொட்டிக்குள் இறங்கக் கயிறு கட்டக் கற்றுக்கொடுத்துவிடுவார்கள்.

அவர்கள் போனதும் கணிப்பொறிக் கூடத்துக்குப் போய் நவநீதனிடம் முழுப் பதிவைக் கேட்டேன். ஒத்திகைகளை ஓட்டுகிறவன் அவன். வேலையில் கெட்டி, சிரிக்க மாட்டான். முதல் ஓட்டத்தைத் திறந்து கொடுத்தான்.

முப்பத்தொன்றாம் வருஷம், வேலைநிறுத்தத்தின் முதல் நாள். "தொட்டிப் பணியாளர் மனு கொடுத்தனர். ஒன்று, நச்சுக்காற்று முகமூடியை வருடத்துக்கு ஒருமுறை என்றில்லாமல் மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். இரண்டு, பிள்ளைகளை விதைக்கூடப் பள்ளியில் சேர்க்க வேண்டும்." அதற்கு எதிரே சபைக்கான கட்டம். வெற்று. இரண்டாம் நாளும் அதே மனு, சபையின் கட்டம் வெற்று. ஐந்தாம் நாள் மனுவில், தொட்டிக்குள் இறங்கி ஒருத்தி செத்ததால்தான் நிறுத்தினோம் என்று சேர்த்திருந்தார்கள், பேரும் போட்டிருந்தது. சபையின் கட்டம் வெற்று. பன்னிரண்டாம் நாள் கசடு இறுகிக் குழாய்கள் வெடித்தன. பத்தொன்பதாம் நாள் குடிநீர் நின்றது. பத்தொன்பது கட்டமும் வெற்று.

"சபை என்ன பண்ணுச்சுன்னு ஏன் போடல?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணல, அதான் போடல," என்றான் நவநீதன். "கம்பெனி ஷிப்ட் பதிவேட்டு வழக்கம்தாம்மா. ஏதாவது மாறினா எழுதணும், மாறாட்டி விட்டுடணும். உங்க ஆபீஸ்ல நீங்களும் அப்படித்தான எழுதுவீங்க? தொட்டிக்காரங்க நிறுத்துனது மாற்றம், அதனால பதிவாச்சு. சபை முடியாதுன்னு உட்கார்ந்திருந்தது மாற்றம் இல்ல. ஊர் அழிஞ்சதும் மிஷின் பின்னாடி போய்ப் பதிவுல இருக்கறதுல எது காரணம்னு தேடும். பதிவுல இருந்தது வேலைநிறுத்தம் மட்டும்தான்."

மனு கொடுத்தவன் காரணமாம், வாங்கிக் கீழே வைத்துவிட்டுப் போனவன் காரணமில்லையாம். காலை நீட்டிக்கொண்டு சும்மா இருந்தால் உலகத்தில் எந்தப் பாவமும் நம்மேல் ஒட்டாது என்று ஒரு பதிவேடே சொல்கிறது. இருபத்திரண்டு வருஷமாக அந்தப் பதிவேட்டை எழுதியவள் நான். முகமூடி கேட்டு வந்த எத்தனை சீட்டுக்கு எதிரே நானே கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேனோ தெரியாது. மாற்றமில்லை, ஆகவே எழுதவில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து அறுபது ஓட்டங்களை முழுசாக வாசித்தேன். எல்லாவற்றிலும் அதே கதைதான். ஊர் பிழைத்த சில ஓட்டங்களில் தொட்டிக்காரர்கள் பசி தாங்காமல் தாங்களே வேலைக்குத் திரும்பியிருந்தார்கள். சபை இறங்கி வந்த ஓட்டம் ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

வாக்கெடுப்புக்கு முந்தைய நாள் பிற்பகல் சபைத் தலைவர் அருமைநாயகத்தின் அறைக்குப் போனேன். வரைவுக்குழுவுக்கும் அவர்தான் தலைவர். நல்ல மனிதர், அதையும் சொல்லத்தான் வேண்டும். கடைநிலை ஊழியரைக்கூட நீங்க என்றுதான் கூப்பிடுவார். முகவுரையின் இரண்டாவது வாக்கியத்தை எழுதியவரும் அவர்தான். நான் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டுவிட்டுத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார்.

"உங்களுக்கு முன்னாடியே நான் வாசிச்சுட்டேன் கமலவேணி," என்றார்.

"வெற்றுக் கட்டம் உங்களுக்குத் தெரியுமாய்யா?"

"தெரியும். நவநீதனை வச்சுத் தனியா ஒரு ஒத்திகைகூட பார்த்தேன். மனு வந்த அன்னைக்கே சபை ஒத்துக்கிட்டதா வச்சு ஓட்டினோம். நானூறுக்கு நானூறும் பிழைச்சிருச்சு."

"அப்ப இந்தப் பிரிவு எதுக்குய்யா?"

"சபை ஒத்துக்காது, அதுக்குத்தான். நாமளா வலிய ஒத்துக்க வச்சாத்தான் அப்படி ஓடுது. நிழல்களைத் தன்போக்குல விட்டா நானூறுல ஒண்ணுலகூட ஒத்துக்கல. இன்னைக்கு முகமூடி குடுத்தா நாளைக்கு வேற கேப்பாங்கன்னு ஒருத்தர் சொல்வார். நம்ம பிள்ளை உட்கார்ற பெஞ்சுல அவங்க பிள்ளையான்னு வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க, இடமில்லன்னு சொல்வாங்க. என் நிழலும் அந்தச் சபையிலதான் இருந்துச்சு. அதுவும் பேசாமத்தான் இருந்துச்சு." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "நல்லவங்க இருக்கற ஊருக்குச் சாசனம் எழுத ஆசைதான். ஆனா இருக்கற ஊருக்குத்தான எழுத முடியும்? பதினோராயிரம் உயிரும்மா. அறுபது பேர் மனசை மாத்த என்னால முடியாது. தொட்டிக்காரங்க இருநூத்திப் பன்னெண்டு பேரோட கையைக் கட்ட முடியும்."

"குத்தம் பண்றவங்களை விட்டுட்டு மத்தவங்க கையைக் கட்டறதுக்குப் பேரு சாசனமாய்யா? இதைக் கம்பெனியே செஞ்சிட்டிருந்துச்சே. அதுக்கு முகவுரை கிடையாது, அவ்வளவுதான் வித்தியாசம்."

அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரத்தைக் கூட்டியது.

"இதையெல்லாம் நாளைக்குச் சபையில சொல்லிட்டா என்ன செய்வீங்க?" என்று கேட்டேன்.

"சொல்ல மாட்டீங்க," என்றார் அன்பாகவே. "இந்த வாக்கெடுப்பையே தனியா நானூறு தரம் ஓட்டிப் பார்த்தேன். எல்லாத்துலயும் உங்க நிழல் இருக்கே. ஒவ்வொண்ணுலயும் பதிவை வாசிக்குது, என் அறைக்கு வருது, சண்டை போடுது, வீட்டுக்குப் போயிடுது. நானூறுலயும் அப்படித்தான். அந்த நம்பிக்கையிலதான் உங்ககிட்ட மனசைத் திறந்து பேசினேன்."

வீட்டுக்குத்தான் போனேன். வழி நெடுக என் காலடியே எனக்குப் பிடிக்கவில்லை. அவர் சொன்னபடியே நடந்துகொண்டிருக்கிறேனே என்று திரும்பி அவர் அறைக்கு ஓடவும் தோன்றியது. போய் என்ன செய்வது? பதிவாளருக்குச் சபையில் பேச அனுமதி கிடையாது. பேசினால் வேலை போய்விடும். மேலடுக்கு அறை வேலையோடு கிடைத்தது, அதுவும் போகும். வீட்டில் அடுப்பைப் பற்றவைத்துக் கஞ்சி காய்ச்சினேன். இந்நேரம் என் நிழலும் காய்ச்சியிருப்பாள் என்ற நினைப்பு வந்ததும் அதைக் குடிக்கப் பிடிக்கவில்லை.

காலையில் சபை கூடியது. வாக்கெடுப்புக்கு முன்னால் ஒத்திகைச் சுருக்கத்தைப் பதிவாளர் எழுந்து வாசிக்க வேண்டும், அது சபை வழக்கம். நாலு அடுக்கிலும் நடைவழி ஒலிபெருக்கிகளில் அது கேட்கும். சுருக்கத்தை மேசையிலேயே வைத்துவிட்டு முதல் ஓட்டத்தின் பதிவை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

"முதல் நாள். தொட்டிப் பணியாளர் மாதம் ஒரு முகமூடி கேட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளி கேட்டார்கள். சபை மறுத்தது," என்று வாசித்தேன். "இரண்டாம் நாள். முகமூடி கேட்டார்கள். பள்ளி கேட்டார்கள். சபை மறுத்தது."

முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "சபை மறுத்ததுன்னு பதிவுல இல்லையே. இந்தம்மா சொந்தமாச் சேர்த்து வாசிக்கறாங்க."

"ஆமாங்க, இல்ல. காலியா விட்டிருக்கு," என்றேன். "மனுவை வாங்கிக் கீழ வச்சதுக்கு வேற பேரு இருந்தா சொல்லுங்க, அதைச் சேர்த்து வாசிக்கறேன்."

அவர் தலைவரைப் பார்த்தார். அருமைநாயகம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். மணியடித்து என்னை உட்காரச் சொல்ல வேண்டிய அவர் கை மணிக்குப் போகவில்லை. சவரியம்மாள் தன் இடத்திலிருந்தபடியே, "வாசிக்கட்டும். செத்தது யாருன்னு நானும் தெரிஞ்சுக்கிடணும்லா," என்றாள்.

ஐந்தாம் நாள் வந்தது. தொட்டியில் செத்தவளின் பெயர் ஜெனிட்டா. நாற்பத்தைந்து வயது, முகமூடி பதினோரு மாதம் பழையது. வாசித்தேன். சவரியம்மாள் முந்தானையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள், நான் பத்தொன்பதாம் நாளை முடிக்கும்வரை அதை எடுக்கவில்லை.

பிறகு வாக்கெடுப்பு நடந்தது. தலைவர் வாக்களிப்பதில்லை. ஆதரவாக முப்பத்தெட்டு, எதிராக இருபத்திரண்டு. நாற்பத்தொன்றாம் பிரிவு நிறைவேறியது.

இவ்வளவையும் காதால் கேட்டுவிட்டுக் கை தூக்கினார்கள் அந்த முப்பத்தெட்டுப் பேரும். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டே தூக்கினார்கள், அதையும் பார்த்தேன். செத்துப்போன பெண்ணுக்காக அழவும் வேண்டும், உயிரோடு இருக்கிற அதே பெண்ணைத் தொட்டிக்குள் இறக்கவும் வேண்டும். அந்த நிமிஷம் இயந்திரத்தின்மேல் எனக்கிருந்த கோபம் போயிற்று. அது எங்களை நன்றாகத்தான் படித்து வைத்திருந்தது.

வெளியே நடைவழியில் சவரியம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிரும்மா, ஒண்ணும் மாறல," என்றேன்.

"ஏன்க்கா அப்படிச் சொல்லுதிய?" என்றாள். "ஓட்டத்துல நாங்க எதுக்கு நிறுத்துனோம்னு ஊருல ஒருத்தருக்கும் தெரியாது. இன்னைக்கு எல்லாத்துக்கும் தெரியும்லா. சாசனம் ஒண்ணாந்தேதிதான நடைமுறைக்கு வருது? இன்னும் ஒம்பது நாளு கிடக்கு. அதுவரைக்கும் நாங்க நிறுத்தக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு?"

அன்று பிற்பகலே தொட்டிகள் நின்றன. அதே இரண்டு கோரிக்கையோடு நாற்பத்தொன்றை நீக்கு என்று மூன்றாவதும் சேர்ந்தது. மறுநாள் காலையில் பொது அடுக்களைப் பெண்கள் அடுப்பைப் பற்றவைக்கவில்லை. அவர்களை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. அந்தப் பிள்ளை பேர் வாசிச்சதும் கை ஓடலைங்க என்று ஒருத்தி என்னிடம் சொன்னாள். விதைக்கூடப் பள்ளியில் இரண்டு ஆசிரியர்கள் வகுப்பைவிட்டு வெளியே வந்து நடைவழியில் உட்கார்ந்தார்கள். மூன்றாம் நாள் சபைக்கு வந்தவர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் இருந்தது, ஊற்றிக் கொடுக்கத்தான் ஆளில்லை.

அன்று மாலை சபை பணிந்தது. நாற்பத்தொன்றை எடுத்துவிட்டார்கள். முகமூடிக்கும் பள்ளிக்கும் தனித் தீர்மானம் வந்தது. முப்பத்தெட்டில் பாதிப்பேர் தாங்கள் முதலிலிருந்தே அந்தப் பிரிவுக்கு எதிர் என்று பேசினார்கள். நான் ஒரு சொல் விடாமல் பதிவு செய்தேன், முந்தாநாள் அவர்கள் போட்ட வாக்கையும் பக்கத்திலேயே எழுதினேன். அருமைநாயகம் தலைவர் பதவியை விட்டு விலகுவதாக ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். போகும்போது என்னிடம், "நானூறுலயும் நீங்க பேசல கமலவேணி," என்றார். அவர் குரலில் இருந்தது வருத்தமா நிம்மதியா என்று எனக்குத் தெரியவில்லை, கேட்கவும் இல்லை.

ஜெனிட்டா விதைக்கூடப் பள்ளியில் சேர்ந்த வாரம் நான் கணிப்பொறிக் கூடத்துக்குப் போனேன். நெஞ்சுக்குள் ஒரு பெருமை இருந்தது, மறைப்பானேன். இயந்திரத்தைப் பொய்யாக்கியவள் நான்தானே.

"என் நிழல் ஏன் பேசல?" என்று நவநீதனிடம் கேட்டேன். "எதைக் கொடுத்து வளர்த்தீங்க அவளை?"

"உங்க பணிப்பதிவைத்தாம்மா. இருபத்திரண்டு வருஷம்."

"இப்ப நடந்ததையும் சேருங்க."

"சேர்த்தாச்சு. எல்லார் பதிவையும் புதுப்பிச்சு, நேத்தே அதே வாக்கெடுப்பைத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன்." அவன் திரையை என் பக்கம் திருப்பினான். "இப்பப் பேசறாங்க."

"எத்தனை ஓட்டத்துல?"

"நானூறுல மூணு."

தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று திரையைப் பார்த்தேன். மூன்றுதான். "மூணே மூணா?"

"ஒரு நாள்தானம்மா பேசியிருக்கீங்க," என்றான் நவநீதன். கேலியாகச் சொல்லவில்லை, அவனுக்குக் கேலி வராது.

முந்நூற்றுத் தொண்ணூற்றேழு தடவை அவள் சண்டை போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்க் கஞ்சி காய்ச்சுகிறாள். ஜெனிட்டா தொட்டிக்குள் இறங்குகிறாள். நான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாற்பத்திரண்டாம் பிரிவின் பதிவைத் திறக்கச் சொன்னேன். இயந்திரம் போட்ட முடிவுத் தாளை எடுத்து நீட்டினான்.

"அது வேண்டாம். முதல் வரியிலிருந்து காட்டுங்க," என்றேன்.